முகமதிப்பு இல்லாத நாணயம்

1950களில் அமெரிக்க மளிகைக் கடை ஒன்றில் சாமான் வாங்கிக் கல்லாவில் பணம் கட்டினால், மீதிச் சில்லறையோடு பச்சை ஸ்டாம்புகளையும் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். பத்து சென்ட்டுக்கு ஒரு ஸ்டாம்ப் என்பது கணக்கு. வீட்டுக்கு வந்ததும் அவற்றை நாக்கால் நனைத்தோ ஈரப் பஞ்சில் ஒற்றியோ சிறு புத்தகத்தில் ஒட்ட வேண்டும். 1,200 ஸ்டாம்ப் ஒட்டினால் ஒரு புத்தகம் நிரம்பும். நிரம்பிய புத்தகங்களை நிறுவனத்தின் பரிசுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் டோஸ்டரோ, மேசை விளக்கோ, போர்வையோ கிடைக்கும். ஸ்டாம்பின் நடுவில் எஸ் அண்ட் எச் என்ற எழுத்துகள் பெரிதாக இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் தெரியும்: ரொக்க மதிப்பு 1 மில். மில் என்பது டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, ஒரு புத்தகம் முழுக்க ஒட்டி ரொக்கமாகக் கேட்டால் கிடைப்பது ஒரு டாலர் இருபது சென்ட். பொருளாக எடுத்தால் அதைவிடக் கூடுதலாகத் தேறும் என்பதால் பெரும்பாலோர் ரொக்கம் கேட்கவில்லை. தொகை அற்பம்தான். ஆனாலும் அந்த வரி அச்சில் இருந்தது. ஸ்டாம்பை வெளியிட்டவர் இதற்குக் கீழே போக முடியாது என்று அது சொன்னது.

இன்று பெரிய ஓட்டல் குழுமங்களின் செயலியைத் திறந்தால், பாயிண்ட் வாங்கச் சொல்லி ஒரு பொத்தான் இருக்கும். அறை எடுத்துத் தங்கினால் இனாமாகக் கணக்கில் ஏறும் அதே பாயிண்டைக் காசு கொடுத்தும் வாங்கலாம். ஆயிரம் பாயிண்டுக்கு ஹில்டனின் பட்டியல் விலை 10 டாலர், மாரியட்டில் 12.50 டாலர், ஹயாட்டில் 24 டாலர் என்ற அளவில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறது. நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி வருடத்தில் சில முறை தள்ளுபடியும் உண்டு. ஹில்டன் அடிக்கடி ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று அறிவிக்கும். அப்போது ஒரு பாயிண்டின் விலை அரை சென்ட்டுக்கு இறங்கும். இப்படி விற்கும் விலை பளிச்சென்று தெரிகிறது. வாங்கியதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இந்தப் பாயிண்டின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்று முப்பது ஆண்டு வழக்கம் இது. அதைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட ஓட்டலில், குறிப்பிட்ட தேதிக்கு, கண்முன் தெரியும் அறையை ரொக்க விலையைவிட மலிவாக எடுக்க முடியுமானால் பாயிண்டை வாங்கலாம். பிற்பாடு உதவும் என்று வாங்கிச் சேர்த்து வைப்பது, கடன் பத்திரமும் வட்டியும் இல்லாமல் அந்தக் குழுமத்துக்குக் கடன் கொடுப்பதாகும்.

கதை 1891இல் மில்வாக்கி நகரில் ஷூஸ்டர்ஸ் என்ற பல்பொருள் அங்காடியில் தொடங்குகிறது. கடனுக்கு வாங்காமல் கைக்காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு அந்தக் கடை ஸ்டாம்ப் கொடுத்தது. அது கடையின் சொந்த ஏற்பாடு. அதைத் தனித் தொழிலாகப் பிரித்தெடுத்தவர்கள் தாமஸ் ஸ்பெரியும் ஷெல்லி ஹட்சின்சனும். 1896இல் இவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் முதலெழுத்துகளே எஸ் அண்ட் எச். கடைக்காரர் இவர்களிடம் ஸ்டாம்பை மொத்தமாக விலைக்கு வாங்க வேண்டும். வாடிக்கையாளர் அதைக் கடைக்காரரிடம் இனாமாகப் பெறுவார். பரிசுப் பொருளை நிறுவனம் கொடுக்கும். ஊருக்கெல்லாம் ஒரே ஸ்டாம்ப் என்பதால் மளிகை, பெட்ரோல், துணி என்று எங்கே வாங்கினாலும் ஒரே புத்தகத்தில் சேர்ந்தது. இனாம் என்று சொன்னாலும் இதற்கு ஒரு விலை இருந்தது. கடைக்காரர் தன் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு ஸ்டாம்புக்குச் செலவழித்தார். அதைச் சாமான் விலையில் ஏற்றாமல் எங்கே ஏற்றுவார்? 1966இல் டென்வர் நகரத்து இல்லத்தரசிகள் விலைவாசியை எதிர்த்து சூப்பர்மார்க்கெட்டுகளைப் புறக்கணித்தபோது, ஸ்டாம்புச் செலவும் அவர்கள் கோபத்தில் சேர்ந்தே இருந்தது.

கடைக்காரர் ஸ்டாம்பை வாங்கும்போதே பணம் கட்டிவிடுகிறார். வாடிக்கையாளர் புத்தகத்தை நிரப்பிக்கொண்டு வர மாதங்களோ வருடங்களோ ஆகும். சிலர் வரவே மாட்டார்கள். சமையலறை இழுப்பறையில் புத்தகம் பாதி நிரம்பியபடியே கிடந்துபோகும். இந்த இடைவெளியில் பணம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் தொழிலின் சூட்சுமம். கலிபோர்னியாவில் புளூ சிப் ஸ்டாம்ப்ஸ் என்ற நிறுவனம் 1970இல் 12.6 கோடி டாலருக்கு ஸ்டாம்ப் விற்றது. முதலீட்டாளர்களான வாரன் பஃபெட்டும் சார்லி மங்கரும் அதன் பங்குகளை வாங்கியது ஸ்டாம்பின் அழகைப் பார்த்தல்ல. இன்னும் யாரும் திரும்பக் கேட்காத அந்தப் பணம் வட்டியில்லாமல் கையில் கிடந்தது. 1972இல் புளூ சிப் மூலமாகத்தான் அவர்கள் சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஸ்டாம்புத் தொழில் தேய்ந்து மறைந்த பிறகும் அந்த மிட்டாய் நிறுவனம் அவர்களுக்கு லாபம் கொட்டியது. புத்தகம் புத்தகமாக ஸ்டாம்ப் ஒட்டிச் சேர்த்த குடும்பங்களுக்கு அதில் ஒரு மிட்டாய்கூட வந்திருக்காது.

இன்னொரு விஷயமும் அந்தக் காலத்திலேயே முடிவாகிவிட்டது: ஸ்டாம்ப் யாருடைய சொத்து? வாடிக்கையாளர் கையில் இருந்தாலும் அது தன் உடைமையே என்றது எஸ் அண்ட் எச். ஒட்டி எடுத்து வந்து தன்னிடமே கொடுத்துப் பரிசு வாங்கலாம். வேறொருவருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது. ஆனால் ஊர்தோறும் ஸ்டாம்ப் மாற்றும் சிறு கடைகள் முளைத்தன. ஒரு நிறுவனத்தின் ஸ்டாம்பைக் கொடுத்து இன்னொன்றை வாங்கலாம். குறைகிற ஸ்டாம்பைக் காசு கொடுத்தும் வாங்கலாம். நோட்டு மாற்றும் கடை மாதிரிதான். எஸ் அண்ட் எச் இவர்களை விடவில்லை. 1957 முதல் 1965 வரை 43 தடையாணை வழக்குகள் போட்டது. இன்னும் 140 பேருக்கு வழக்குப் போடுவோம் என்று கடிதம் அனுப்பியது. இந்தப் போக்கு நியாயமற்றது என்று அமெரிக்க அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுக்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பை ஆணையத்தின் அதிகார எல்லையைப் பற்றியது என்றுதான் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். நமக்கு அதில் முக்கியம் அந்தச் சிறு மாற்றுக் கடைகள். வெளியில் ஒரு சந்தை இருந்தால்தான் ஒரு டோக்கனுக்கு வெளியிட்டவரைத் தாண்டி ஒரு விலை உருவாகும். அந்தச் சந்தையை எஸ் அண்ட் எச் ஏன் அவ்வளவு மும்முரமாக ஒழிக்கப் பார்த்தது என்று யோசித்தால், இன்றைய ஓட்டல் பாயிண்டை மற்றவருக்கு விற்றால் கணக்கையே மூடிவிடுவோம் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பிரிட்டனில் இதே நாடகம் சற்று வேறு மாதிரி நடந்தது. ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் 1958இல் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப்ஸைத் தொடங்கினார். அது பெரிதாக வளர்ந்ததும் நாடாளுமன்றம் 1964இல் ஸ்டாம்புகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு ஸ்டாம்பின் முகத்திலும் ரொக்க மதிப்பு அச்சிடப்பட வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் பொருளுக்குப் பதில் ரொக்கமும் தர வேண்டும். டாம்ப்கின்ஸ் சளைக்கவில்லை. பரிசுக் கடைக்கு வருகிறவர்கள் ஸ்டாம்ப் மட்டும்தான் கொடுக்க வேண்டுமா, காசு கொடுத்தும் அதே பொருளை வாங்கிக்கொண்டு போகலாமே என்ற யோசனையில் 1973இல் அவர் தொடங்கியதுதான் ஆர்கோஸ் என்ற கடைச் சங்கிலி. 1977இல் டெஸ்கோ நிறுவனம் ஸ்டாம்பை நிறுத்திவிட்டு அந்தக் காசில் விலையைக் குறைத்தது; கிரீன் ஷீல்டு அதற்குப்பின் எழவில்லை. ஆர்கோஸ் நிலைத்தது. ஸ்டாம்புத் தொழிலின் சொந்தப் பிள்ளையே ஸ்டாம்ப் தேவையில்லை என்று நிரூபித்தது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். அமெரிக்காவிலோ 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வாடிக்கையாளரை வரவழைக்க ஸ்டாம்ப் கொடுக்க வேண்டிய அவசியம் அங்கே போய்விட்டது.

ஸ்டாம்ப் போன இடத்துக்குப் பாயிண்டைக் கொண்டுவந்தவை விமான நிறுவனங்கள். 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியதும் விலைப் போட்டி மூண்டது. ராபர்ட் கிராண்டல் வழிநடத்திய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1ஆம் தேதி, பறந்த மைல்களைச் சேர்த்து இலவசப் பயணம் பெறும் அட்வான்டேஜ் திட்டத்தை அறிவித்தது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் பின்தொடர்ந்தது. காலியாகப் பறக்கும் இருக்கை யாருக்கும் உதவாது, அதை விசுவாசமான பயணிக்குக் கொடுத்தால் அவர் போட்டியாளரிடம் போக மாட்டார் என்பது கணக்கு. இரவு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஓட்டல் அறையும் அப்படித்தான். 1983இல் ஹாலிடே இன் பிரயாரிட்டி கிளப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு மாரியட்டும் இறங்கியது. ஹில்டனும் ஹயாட்டும் 1987இல் வந்தன. ஓட்டல் தொழிலில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வாசலில் ஹில்டன் என்று பலகை இருந்தாலும் கட்டடம் பெரும்பாலும் வேறொரு முதலாளிக்குச் சொந்தம். விருந்தினர் செலவழித்த தொகையில் சில சதவீதத்தை அந்த முதலாளி பாயிண்ட் திட்டத்துக்குக் கட்டுவார். பாயிண்ட் கொடுத்து ஒருவர் தங்கினால் குழுமம் முதலாளிக்கு ஒரு தொகை தரும். ஓட்டல் காலியாக இருக்கும் நாளில் அது சொற்பம். அறைகள் கிட்டத்தட்ட நிரம்பிய நாளில் வழக்கமான வாடகைக்கு நெருங்கி வரும். பாயிண்ட் வாங்குகிறவர் இந்த ஏற்பாட்டை மறக்கக் கூடாது. குழுமத்துக்கு மலிவாகக் கிடைக்கும் இரவுகளும், அதற்குக் கையைச் சுடும் இரவுகளும் உண்டு. பின்னவற்றில்தான் நமக்கு லாபம். ஆகவே அவற்றைத்தான் அது குறைத்துக்கொண்டே வரும்.

பாயிண்டை விற்பது என்ற யோசனை முதலில் விருந்தினரை நோக்கி வரவில்லை. கிரெடிட் கார்டு வங்கிகள் மொத்தமாக வாங்கித் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. எஸ் அண்ட் எச்சிடம் மளிகைக் கடைக்காரர் வாங்கிய அதே முறை. சில்லறையில் விருந்தினருக்கே விற்பது 2000க்குப் பிறகு இணையத்தில் பரவலானது. விற்பனை எவ்வளவு பெரிய தொழில் என்பது 2020இல், ஓட்டல்கள் பூட்டிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்தில் வெட்டவெளிச்சமானது. அந்த ஏப்ரலில் ஹில்டன் 100 கோடி டாலருக்குப் பாயிண்டுகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு முன்கூட்டியே விற்றது. அடுத்த மாதம் மாரியட் தன் கார்டுப் பங்காளிகளான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஜேபிமோர்கன் சேஸ் இருவரிடமும் 92 கோடி டாலர் திரட்டியது. யுனைடெட் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. அறையில் ஆள் இல்லை, வானத்தில் விமானம் இல்லை. ஆனால் நாளைக்குத் தருகிறோம் என்ற வாக்கு விலை போனது. 2022 முடிவில் மாரியட்டின் கணக்குப் புத்தகத்தில் இப்படி இன்னும் நிறைவேற்றாத வாக்குகளின் பொறுப்பு 600 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கணக்கியல் விதிப்படி அது கடன். விசித்திரமான கடன்: எவ்வளவு திருப்பித் தருவது என்பதைக் கடன்பட்டவரே பிற்பாடு தீர்மானிக்கலாம்.

இப்படிச் சொல்வது மிகை என்று தோன்றினால் மாரியட்டின் நான்கு வருடக் கதையைக் கிட்டத்தில் பார்க்கலாம். மாரியட் 2016இல் ஸ்டார்வுட் குழுமத்தை ஏறத்தாழ 1,300 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்டார்வுட்டின் ஒரு பாயிண்டுக்கு மாரியட்டில் மூன்று என்று மாற்று விகிதம் வைத்தார்கள். 2018 ஆகஸ்டில் இரு திட்டங்களும் ஒன்றாயின. அப்போது எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற புது அட்டவணையில் மிக உயர்ந்த ஓட்டலுக்குக்கூட ஓரிரவுக்கு 60,000 பாயிண்ட் போதும். மாலத்தீவில் கடல் நடுவே இருக்கும் செயின்ட் ரெஜிஸ் விடுதியும் அதில் அடக்கம். அந்தச் சில மாதங்களில் பாயிண்ட் வாங்கி உடனே அறை பதிந்தவர்கள் கொள்ளை லாபம் பார்த்தார்கள். 2019 மார்ச்சில் உச்சப் பிரிவு திறக்கப்பட்டு அதே அறை 85,000 ஆனது. செப்டம்பரில் கூட்ட நாள், சாதாரண நாள், மந்த நாள் என்று பிரித்தார்கள்; கூட்ட நாளில் 100,000. 2022 மார்ச்சில் அட்டவணையையே எடுத்துவிட்டு, ரொக்க விலையை ஒட்டி அவ்வப்போது மாறும் முறைக்குப் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் விற்கும் பட்டியல் விலை அசையவில்லை. அந்த 12.50 டாலர் விலையில், உச்ச ஓட்டலின் ஓரிரவுக்கான பாயிண்டை வாங்க 2018இல் 750 டாலர், 2019 கடைசியில் கூட்ட நாளுக்கு 1,250 டாலர். அறை அதே அறைதான், கட்டிலும் அதே கட்டில்தான். ஹில்டனில் இதற்கு முன்னமே இது நடந்தது: 2013இல் உச்ச ஓட்டலின் விலை 50,000லிருந்து 95,000 வரை போனது, 2017இல் அட்டவணையே காணாமல் போனது. மற்றவர்கள் விட்ட பிறகும் ஹயாட் நெடுநாள் அட்டவணையை விடாமல் வைத்திருந்தது. அதன் பாயிண்ட் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு விலைக்கு விற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முகமதிப்புக்கு மிக அருகில் வந்தது அந்த அட்டவணைதான்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். பணவீக்கம் எல்லாவற்றுக்கும் உண்டு. ரூபாயும் டாலரும் தேயவில்லையா, பாயிண்டை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? உண்மைதான். ஆனால் ரூபாயை வங்கியில் போட்டால் வட்டி உண்டு. அவசரத்துக்கு எடுத்து அரிசியும் வாங்கலாம், பள்ளிக் கட்டணமும் கட்டலாம். பாயிண்டுக்கு வட்டி கிடையாது. பெரும்பாலான திட்டங்களில் ஓரிரு ஆண்டு கணக்கு அசையாமல் கிடந்தால் அது காலாவதியாகிவிடும். வாங்கிய பாயிண்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க முடியாது. பதிந்த அறையை ரத்து செய்தாலும் பாயிண்ட்தான் திரும்பும், டாலர் திரும்பாது. சட்டமும் கைகொடுப்பது குறைவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988இல் ஏற்கெனவே சேர்த்த மைல்களுக்கும் புதுக் கட்டுப்பாடு விதித்தபோது பயணிகள் வழக்குப் போட்டார்கள். மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது, ஒப்பந்த மீறல் என்று வேண்டுமானால் கேட்கலாம் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தடை விமானங்களுக்கான தனிச் சட்டத்திலிருந்து வந்தது. ஓட்டலுக்கு அது பொருந்தாது. ஆனால் ஒப்பந்தம் என்று போனால், விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற வரி எல்லாத் திட்டத்திலும் காத்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது, அதை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். தள்ளுபடியில் அரை சென்ட்டுக்கு வாங்கி முக்கால் சென்ட் மதிப்புள்ள அறை எடுத்தால் லாபம்தானே? லாபம்தான், கணக்கை முழுதாகப் போட்டால். ஹில்டன் குழும ஓட்டல் ஒன்றில் அறை வாடகை 300 டாலர், வரி 14 சதவீதம், பாயிண்டாகக் கொடுத்தால் 60,000 என்று வைத்துக்கொள்வோம். ரொக்கம் 342 டாலர். தள்ளுபடியில் வாங்கிய 60,000 பாயிண்டின் விலை 300 டாலர். இப்படித் தங்குவதற்கு வரி பொதுவாக இல்லை. 42 டாலர் மிச்சம் போலத் தெரிகிறது. ஆனால் ரொக்கம் கட்டித் தங்கியிருந்தால் டாலருக்கு 10 வீதம் 3,000 பாயிண்ட் வந்திருக்கும். அது 15 டாலர். மிச்சம் 27. இப்போது அதே அறையை முன்பணம் கட்டிப் பதிந்தால் பத்து சதவீதம் கழிவு என்று ஓட்டலின் தளத்திலேயே இருக்கக்கூடும். அப்படியானால் வாடகை 270, வரியோடு ஏறத்தாழ 308 டாலர், வரும் பாயிண்டின் மதிப்பைக் கழித்தால் 294. பாயிண்ட் வாங்கியவருக்கு ஆறு டாலர் நஷ்டம்! ஆனால் முன்பணத்தில் பதிந்த அறையை ரத்து செய்ய முடியாது, பாயிண்டில் பதிந்ததைச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், சரி, அந்த வசதிக்கு ஆறு டாலர் தகும். இப்படித்தான் இருக்கிறது இந்த வியாபாரம். ஒரு சாதாரண நகர ஓட்டலில் லாபமும் நஷ்டமும் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குள் முடிந்துவிடும்.

தராசு நன்றாகச் சாயும் இடங்களும் உண்டு. ஹில்டனில் சில்வர் உறுப்பினர் நிலையிலோ அதற்கு மேலோ இருப்பவர் பாயிண்டில் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் ஐந்தாவது இரவு இலவசம். மேலே சொன்ன அறையையே ஐந்து நாளுக்கு எடுத்தால் 240,000 பாயிண்ட், அதாவது 1,200 டாலர். ரொக்கமாக, வரும் பாயிண்டைக் கழித்து, 1,635 டாலர். கடற்கரை விடுதிகளில் தினமும் தனியாகப் பிடுங்கும் 'ரிசார்ட் கட்டணம்' ஹில்டனிலும் ஹயாட்டிலும் பாயிண்டில் தங்குபவருக்குக் கிடையாது, மாரியட்டில் உண்டு. ஊரில் ஒரு பெரிய மாநாடு, கிரிக்கெட் போட்டி என்று ரொக்க விலை மூன்று மடங்கு ஏறிய நாளில், பாயிண்டில் இன்னும் பழைய விலைக்கு ஒரு சாதாரண அறை மீந்திருந்தால் அதுவும் நல்ல வேட்டை. எல்லாவற்றையும்விடத் தெளிவானது குறை நிரப்புவது. கணக்கில் 57,000 இருக்கிறது, வேண்டியது 60,000 என்றால் 3,000 பாயிண்டைப் பட்டியல் விலையில் 30 டாலர் கொடுத்து வாங்கக்கூடத் தயங்க வேண்டாம்; அந்த மூவாயிரம் தூங்கிக் கிடக்கும் ஐம்பத்தேழாயிரத்தை எழுப்புகிறது. எஸ் அண்ட் எச் விரட்டிய மாற்றுக் கடைகளுக்குப் போன இல்லத்தரசி செய்ததும் இதைத்தான். இந்த எல்லா உதாரணங்களிலும் வாங்குகிறவர் முன்னால் தேதியும் அறையும் இருக்கின்றன. அறை இருக்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் கார்டை நீட்டுகிறார். தள்ளுபடி முடிகிறது என்ற அறிவிப்பைப் பார்த்து நீட்டவில்லை.

ஓட்டல் குழுமங்கள் அவ்வளவு மோசமா, வாடிக்கையாளரை இழக்கும் அளவுக்கு மதிப்பைக் குறைப்பார்களா என்றும் கேட்கலாம். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு திட்டமும் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்போம் என்று வரம்பு வைத்திருப்பதே அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதற்குச் சாட்சி. சில அறைகளைப் பொறுத்தவரை பாயிண்டை விற்கும் விலை தங்களுக்கே நஷ்டம் தரும் என்று அவர்களுக்குத் தெரியும். விற்ற பாயிண்ட் கூடக் கூட, அறைகள் கூடாத இடத்தில், அறையின் பாயிண்ட் விலை ஏறும். நோட்டை அதிகம் அடித்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். இங்கே நோட்டு அடிப்பவரும் கடை வைத்திருப்பவரும் ஒருவரே.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவருக்கு இன்னும் ஒரு செலவு உண்டு. பாயிண்ட் டாலரில் விற்கிறது. பல கார்டுகள் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன, மொத்தம் நாலு சதவீதத்துக்கு மேல். நியூயார்க்கில் தங்குவதானால் ரொக்க வாடகைக்கும் அதே கட்டணம் உண்டு என்பதால் வித்தியாசம் இல்லை. கொச்சியிலோ சென்னையிலோ ரூபாயில் கட்டிவிடக்கூடிய அறைக்காக டாலரில் பாயிண்ட் வாங்கினால், 300 டாலருக்குப் பன்னிரண்டு டாலர் சும்மா போகும்; முன்பு பார்த்த 27 டாலர் மிச்சத்தில் ஏறத்தாழப் பாதி. இதற்கு நேர்மாறாக, டாடா குழுமம் 2022 ஏப்ரலில் கொண்டுவந்த நியூகாயினுக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று மதிப்புச் சொல்லியிருக்கிறது. தாஜ் ஓட்டலிலும் அந்தக் கணக்குத்தான். மாலத்தீவு விடுதியைப் பாதி விலைக்குப் பிடிக்கும் வேட்டை அதில் நடக்காது. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்க யாரும் வரப்போவதில்லை என்பதால், வாங்கலாமா என்ற கேள்வியும் அங்கே எழாது.

மற்ற பாயிண்டுகளின் முகத்திலும் இப்படி ஒரு மதிப்பை அச்சிட வைக்கச் சட்டம் போட்டால் என்ன என்று தோன்றும். பிரிட்டனில் 1964இல் போட்ட அந்தச் சட்டம் நாற்பது ஆண்டுகள் புத்தகத்தில் இருந்தது. 2005இல் அதை நீக்கிவிட்டார்கள்.